மரியாதை தெரியாத பிள்ளைகள்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மன்றத் தோழர்கள் இந்தத் தலைப்பைச் சொன்னபோது முதலில் தயங்கினேன். இன்றைய பிள்ளைகள் முந்தைய தலைமுறையைவிட ஒழுக்கத்தில் தாழ்ந்துவிட்டார்களா என்பது பட்டிமன்றத் தலைப்பு. ஒரு நடுவர், இரண்டு அணி, இடையில் நாலு நகைச்சுவைத் துணுக்கு, கடைசியில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஒரு தீர்ப்பு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தொலைக்காட்சியில் பார்த்துச் சலித்த விஷயம். ஆனால் என்னை அழைக்க வந்த தோழர் இன்னொன்றும் சொன்னார்: "நம்ம கூட்டத்துக்கு வர்ற பெரியவங்களே இப்ப இதத்தாங்கா பேசுறாங்க. பசங்களுக்கு மரியாதை தெரியல, அடக்கம் இல்ல, எங்க காலம் மாதிரி வராதுன்னு." அதைக் கேட்டபிறகுதான் ஒப்புக்கொண்டேன். ஊர்த்தெருக்காரர் 'எங்க காலம்' என்று பெருமூச்சு விட்டால் அதன் காரணம் விளங்குகிறது. நம் பெரியவர்கள் எந்தக் காலத்தைத் திரும்பக் கேட்கிறார்கள்?

இன்று யாருடைய நினைவு நாளுக்காகக் கூடியிருக்கிறோமோ அவருடைய பள்ளிக்கூட நாட்களிலிருந்தே தொடங்கலாம். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். மிகச் சிறிய நூல். அதில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றிச் சில வரிகள் உண்டு. ஏறத்தாழ 400 மாணவர்கள் படித்த இடத்தில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். யாரிடமாவது பழகினால் சாதி என்ன, வீடு எங்கே என்று கேட்பார்கள். தெரிந்தால் இழிவாக நடத்துவார்கள். ஆகவே அந்தச் சிறுவன் பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவான். வகுப்பு விட்டதும் மற்ற பிள்ளைகள் தன்னை எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடந்துவிடுவான்.

அந்தச் சிறுவனை ஓர் ஆசிரியரின் கண்ணால் பாருங்கள். வம்புதும்பு இல்லை. அரட்டை இல்லை. யாரோடும் சண்டை இல்லை. எந்நேரமும் கையில் புத்தகம். நம் பள்ளிகளில் தரும் மாற்றுச் சான்றிதழில் 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் இந்தப் பையனுக்கு 'மிக நன்று' என்று யோசிக்காமல் எழுதிவிடலாம். அந்த ஒழுக்கத்துக்குப் பெயர் பயம். ஒரு குழந்தை விளையாடாமல் இருந்ததை நல்ல நடத்தை என்று கணக்கு வைத்துக்கொண்ட காலம் அது. அந்தப் பையன்தான் பிறகு 1893இல் 'பறையன்' என்று தன் இதழுக்குப் பெயர் வைத்தார். எதைச் சொல்ல அஞ்சி ஓடினாரோ அதையே தலைப்பில் அச்சடித்தார். அக்காலத்துப் பெரிய மனிதர்கள் பலருக்கு இதைவிடத் திமிரான செயல் வேறு இருந்திருக்காது.

இப்போது 'அந்தக் காலத்தில் பெரியவர்களை மதித்தார்கள்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் சொல்வது, யாரும் மறுக்காதது.

என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பண்ணையாளாக இருந்தார். அறுபது வயதில் அவர் வேலை செய்த வீட்டில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அந்தப் பையன் தாத்தாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், கூடவே ஒரு 'டா'வும் வரும். மாட்டைப் பிடிச்சுக் கட்டுடா, இளநீர் பறிச்சுப் போடுடா. தாத்தா "இதோ சின்னாண்டே" என்று ஓடுவார். அப்பனுக்கு ஆண்டே, பிள்ளைக்குச் சின்னாண்டே. துண்டு தோளில் இருந்தால் கக்கத்துக்கு இறங்கும். ஊர்த்தெருவைக் கடக்கும்வரை செருப்பு கையில் இருக்கும். இதை அம்மா என்னிடம் அழுதுகொண்டு சொன்னதில்லை. சோறு ஆக்கிக்கொண்டே, வெயில் மழை பற்றிப் பேசுவதைப்போலச் சொல்வார். அந்த வீட்டுப் பெரியவர்கள் யாரும் பையனைக் கண்டித்ததில்லை. வயதில் மூத்தவரை அப்படிக் கூப்பிடாதே என்று ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. ஏனென்றால் பையன் எந்த விதியையும் மீறவில்லை. அவன் மிக ஒழுங்காக வளர்க்கப்பட்ட பிள்ளை. யாரை 'ங்க' போட்டுக் கூப்பிட வேண்டும், யாரை 'டா' போட வேண்டும் என்பதை எட்டு வயதுக்குள் பிசகில்லாமல் கற்றிருந்தான்.

அவர் பிறகு படித்து, அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். இப்போது ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி பிடித்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியோரை மதிக்கத் தெரியவில்லை என்று பேசுகிறார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. அவர் நினைவில் அந்தக் காலம் மரியாதை நிறைந்ததாகத்தான் இருக்கிறது. எல்லோரும் அவருக்கு மரியாதை கொடுத்தார்கள், என் தாத்தா உட்பட.

சமூகவியல் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் ஓர் ஆய்வைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2019இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஜான் ப்ராட்ஸ்கோ, ஜொனாதன் ஸ்கூலர் என்ற இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு வெளிவந்தது. இளைஞர்கள் சீரழிந்துவிட்டார்கள் என்ற எண்ணம் பெரியவர்களிடம் ஏன் வருகிறது என்று பார்த்தார்கள். நிறையப் படித்தவர்கள் இன்றைய பிள்ளைகள் படிப்பதில்லை என்றார்கள். அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதை உயர்வாக நினைப்பவர்கள் இன்றைய பிள்ளைகள் பெரியவர்களை மதிப்பதில்லை என்றார்கள். அவரவர் எதில் ஊறியிருக்கிறாரோ அதில்தான் வீழ்ச்சி தெரிகிறது. இன்றைய தன்னை நேற்றைய எல்லோர் மேலும் ஏற்றிப் பார்ப்பதால் வரும் மயக்கம் அது. இன்னொன்று. பிள்ளைகள் பெரியவர்கள் முன் எழுந்து நிற்பதில்லை, எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று சாக்ரடீஸ் சொன்னதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது சாக்ரடீஸ் சொன்னதில்லை. கென்னத் ஜான் ஃப்ரீமன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் பழைய கிரேக்கக் கல்வி பற்றி எழுதி 1907இல் வெளியான நூலில், அக்காலத்துப் பெரியவர்களின் புகார்களைத் தொகுத்துச் சொன்ன வரிகள் அவை. புகார் பழசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் புகார் எங்கும் எப்போதும் இருந்தது என்று சொல்லி நாம் சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. ஏதென்சில் எழுந்து நிற்காத பையனுக்குத் திட்டு கிடைத்திருக்கும். நம் ஊரில் எழுந்து நிற்காதவனுக்கு வேறு விதமான தண்டனை கிடைத்தது.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டுப்பாடுகள் விதித்தார்கள். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். மாணவர்கள் அந்தப் பட்டியலை அவசியம் தேடிப் படிக்க வேண்டும். தங்க, வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வைத்துக்கொள்ளக்கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மார்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மக்கள் பணியவில்லை. குடிசைகள் எரிந்தன, தானியமும் ஆடுமாடும் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பட்டியல் பதினொன்றாக நீண்டது. அதில் ஒன்று, பிள்ளைகளைப் படிக்கவைக்கக்கூடாது, மாடு மேய்க்க மட்டுமே அனுப்ப வேண்டும் என்பது.

கிராப்பு, சட்டை, செருப்பு, குடை. இன்று பையன்களைப் பற்றி வருகிற புகார்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலையைப் பார், கோழிக் கொண்டை மாதிரி. பேண்ட்டைப் பார், கிழிந்து தொங்குகிறது. வண்டியை என்ன வேகமாக ஓட்டுகிறான். கையில் என்ன விலை போன். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் நம் பையன்களின் ஜீன்ஸையும் டி-சர்ட்டையும் கூலிங் கிளாஸையும் குற்றப்பொருட்களாக மேடை போட்டுப் பட்டியலிட்டார்கள். 1930இன் பட்டியலும் 2012இன் பட்டியலும் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கொண்டை வைத்த எல்லாப் பையன்களும் புரட்சிக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிலருக்கு அது கொண்டை மட்டும்தான். நான் கேட்பது, 'நடத்தை கெட்டவன்' என்ற சொல் நம் வரலாற்றில் யார்மீது விழுந்தது என்பது. 1957 செப்டம்பரில் முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து சமமாகப் பேசிய இமானுவேல் சேகரனுக்கு அப்போது 32 வயது. இன்றைய கணக்கில் இளைஞர். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றத்தை அக்காலத்து மொழியில் சொன்னால் 'மரியாதை இல்லாமல் பேசியது'.

சரி, இன்றைக்கு வருவோம். உண்மையிலேயே நம்மைக் கலங்கவைக்கிற நடத்தை பிள்ளைகளிடம் இல்லையா? இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தலித் மாணவனின் வீட்டுக்குள் அரிவாளோடு புகுந்தவர்கள் அவன் பள்ளியிலேயே படித்த மாணவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன்பே அவன் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்குத்தான் அரிவாள்.

அந்தச் செய்தி வந்த வாரம் எல்லாத் தொலைக்காட்சியிலும் இளைய தலைமுறை எங்கே போகிறது என்று விவாதித்தார்கள். சினிமா காரணம், செல்போன் காரணம், ஆசிரியர் கையிலிருந்து பிரம்பைப் பிடுங்கியது காரணம். எனக்கு அந்த விவாதம் விநோதமாக இருந்தது. அந்த மாணவர்கள் பெரியவர்கள் சொல் கேளாமல் கெட்டுப்போன பிள்ளைகள் இல்லை. வீட்டிலும் தெருவிலும் சொல்லித் தந்த பாடத்தை வரிக்கு வரி மனப்பாடம் செய்த பிள்ளைகள். என் தாத்தாவை 'டா' போட்ட பையனுக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு, அந்தப் பையன் கூப்பிட்டால் ஓடி வர ஆள் இருந்தார், இவர்கள் கூப்பிட்டால் யாரும் ஓடி வருவதில்லை என்பதுதான். கூடவே படிக்கிறவன் நன்றாகப் படிக்கிறான், ஆசிரியர் பாராட்டுகிறார், தனக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்கிறான். பழைய மரியாதை தானாக நடக்காதபோது அதை நடத்திக்காட்ட அரிவாள் வருகிறது.

தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டுவது பல ஆண்டுகளாக நடக்கிறது. பனியன், பொட்டு, சைக்கிளில் பூசும் வண்ணம் வரை அடையாளம் உண்டு. அந்தக் கயிற்றைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்களா? கயிற்றைக் கண்டிப்பது யார் வேலை? 2019இல் பள்ளிக் கல்வித் துறை இயக்குநர் அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர்கள் மாணவர்கள் இல்லை, தலை நரைத்த அரசியல்வாதிகள். பழைய நிலையே தொடரும் என்று அமைச்சரே சொன்னார். நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றியில் இடும் அடையாளம் இவற்றைத் தடை செய்யவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அறிக்கை வந்ததும் மறுபடி கூச்சலிட்டது எந்த வயதுக்காரர்கள் என்று பழைய நாளிதழ்களைப் புரட்டிப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்கூட அறிக்கையை எதிர்த்துப் பேட்டி கொடுக்கவில்லை.

ஆகவே கயிறு கட்டிய பிள்ளை அடங்காத பிள்ளை என்று சொல்லாதீர்கள். அவன் அடங்கிய பிள்ளை. அவனுக்கு நாம் சொல்லித் தர வேண்டியது அப்பா சொல்லை மீறுவதற்கு. இது எவ்வளவு கடினம் என்று படிப்பகம் நடத்துகிற எனக்குத் தெரியும். எதிர்த்தெருவிலிருந்து ஒரு பையன் மூன்று மாதம் எங்கள் படிப்பகத்துக்கு வந்தான். கணக்குப் படிக்கத்தான் வந்தான், கொள்கைக்காக இல்லை. சித்தப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். போகும்போது பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான், சித்தப்பா சொல்லைத் தட்டவில்லை. பெரியவர் சொல் கேட்கிற நல்ல பிள்ளை.

பெரியவர் சொல் தட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கத்தில் முருகேசனும் கண்ணகியும் ஊரார் பார்த்திருக்க நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். இருவரும் பட்டதாரிகள், விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. பெண்ணின் தந்தை அதில் உண்டு, அண்ணன் உண்டு, காவல்துறையினரும் உண்டு. தலைமுறைகளின் நடத்தையை ஒப்பிடப் போகிறவர்கள் இந்த வழக்கையும் தராசில் வைக்கட்டும். எந்தத் தட்டு தாழ்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னதற்குக் கைதட்டுவது எளிது. இனி நம் தெருவுக்கு வருகிறேன்.

நம் பெரியவர்கள் 'எங்க காலம்' என்று சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, உண்மையான கவலை. பையன்கள் பதினாறு வயதில் குடிக்கிறார்கள், சிலர் கஞ்சாவுக்குப் போகிறார்கள். ஒருவனுக்குப் பிறந்த நாள் என்றால் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி ரீல்ஸ் போடுகிறார்கள், அடுத்த நாள் காவல் நிலையத்தில் கிடக்கிறார்கள். அந்தக் கத்தியைப் பார்த்து, நம்மவர்களும் நிமிர்ந்துவிட்டார்கள் என்று மகிழ்கிற தோழர்கள் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்கு விழுந்தால் அந்தப் பையனுக்குக் கல்லூரி போய்விடும், அவன் அம்மா வட்டிக்கு வாங்கி வக்கீல் வைப்பாள்.

இரண்டாவது விஷயம் வேறு. நம் வீடுகளுக்குள்ளும் ஒரு பட்டியல் இருக்கிறது. பொம்பளப் புள்ளைக்குப் போன் எதுக்கு? ஆறு மணிக்கு மேல் படிப்பகத்தில் என்ன வேலை? சத்தமாகச் சிரிக்காதே, அந்தப் பையனோடு என்ன பேச்சு? போன ஆண்டு எங்கள் படிப்பகத்தில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள், இப்போது நான்கு பேர். நின்ற ஐவரில் மூவரை நிறுத்தியது ஊர்த்தெருவின் மிரட்டல் இல்லை. நம் அப்பாக்களும் அண்ணன்களும்தான். அதில் ஓர் அண்ணன் நம் கூட்டங்களில் நீலக்கொடி பிடிப்பவர். தங்கையின் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார். "நம்ம பொண்ணுங்கள நாம காப்பாத்தணும்லக்கா" என்றார். ஊர்த்தெருவில் பெண்ணைப் பூட்டி வைப்பதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களோ அதே சொல். அவர்களிடமிருந்து கடன் வாங்கிய ஒழுக்கம் இது. நம் பாட்டிகள் வயலிலும் களத்திலும் ஆண்களுக்குச் சமமாக வேலை செய்தார்கள். வாய்விட்டுச் சிரித்தார்கள், தெருவில் நின்று சண்டை போட்டார்கள், பிடிக்காத புருஷனை விட்டுப் போனார்கள். அவர்களை ஒழுக்கம் இல்லாதவர்கள் என்று யார் பேசினார்கள் என்பது நமக்குத் தெரியும். இன்று அந்தப் பேச்சை நாம் பேத்திகளிடம் பேசுகிறோம்.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் விதி, கோட்பாடு என்று இரண்டைப் பிரித்துக் காட்டுகிறார். விதி என்பது இதைச் செய், இதைச் செய்யாதே என்ற கட்டளை. கோட்பாடு என்பது எதையும் எடைபோட்டு முடிவெடுக்க உதவும் அளவுகோல். விதிப்படி நடப்பவனுக்குப் பொறுப்பு இல்லை. கோட்பாட்டின்படி நடப்பவன் தவறக்கூடும், ஆனால் தான் செய்ததற்குத் தானே பொறுப்பு. அவர் இதை மதத்தைப் பற்றிச் சொன்னார். பிள்ளை வளர்ப்புக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நினைக்கிறேன். எழுந்து நில், கை கட்டு, எதிர்த்துப் பேசாதே என்பதெல்லாம் விதி. யாரையும் இழிவுசெய்யாதே, உன்னை இழிவுசெய்ய விடாதே என்பது கோட்பாடு. முதலாவதைக் கொண்டு அளந்தால் இன்றைய பிள்ளைகள் தோற்றுவிடுவார்கள், தோற்கட்டும். இரண்டாவதைக் கொண்டு அளந்தால் பட்டாக்கத்தி ரீல்ஸும் தப்பாது, தங்கையின் போனைப் பிடுங்கிய அண்ணனும் தப்பமாட்டார். துண்டைக் கக்கத்தில் வைத்த என் தாத்தாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்தக் காலம் முழுவதும் தப்பாது.

ஆனால் அளவுகோலை மாற்றுவது மேடையில் பேசுகிற எனக்கு எளிது. ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் படிப்பகத்துக்கு வருகிற பதினொன்றாம் வகுப்புப் பையனை, அவன் படிக்கும் பள்ளியில் இன்னும் இரண்டு பேரோடு சேர்த்துக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் எங்கள் காலனி. பையன் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் சார் எங்க மூணு பேர மட்டும்?" ஆசிரியரை எதிர்த்துப் பேசினான் என்று எழுதி வாங்கினார்கள். அப்பாவை அழைத்து வா, இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போ, நடத்தைக் கட்டத்தில் என்ன எழுத வேண்டுமோ அதை எழுதித் தருகிறோம் என்றார்கள்.

அப்பா கட்டட வேலை செய்பவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். தலைமையாசிரியர் அறையில், எல்லோர் முன்னாலும், மகனை அறைந்தார். "மன்னிச்சிருங்க சார், இனிமே வாயத் தொறக்க மாட்டான்" என்று கும்பிட்டார். பள்ளிக்கு மனம் குளிர்ந்தது. டி.சி. தரவில்லை.

மாலையில் நானும் இரண்டு தோழர்களும் அவர் வீட்டுக்குப் போனோம். புகார் கொடுக்கலாம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆட்சியரிடம் போகலாம் என்றெல்லாம் பேசினோம். அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க பேசிட்டுப் போயிருவீங்கம்மா. நாளைக்கு அந்த கேட்டுக்குள்ள போறது எம் புள்ள. எங்கப்பன் வாயத் தொறக்காததால நான் உசுரோட இருக்கேன். நான் வாயத் தொறக்காததால இவன் பதினொண்ணு படிக்கிறான். இவன் முடிச்சிட்டுத் தொறக்கட்டும்."

அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. நம் முன்னோர்களின் அடக்கத்தை அடிமைப்புத்தி என்று கேலி செய்கிற தோழர்கள் உண்டு. அந்த அடக்கம் பிள்ளைகளைக் காப்பாற்ற அவர்களிடம் இருந்த ஒரே கருவி. என் தாத்தாவின் 'சின்னாண்டே' என் அம்மாவுக்கு ஒரு வேளைச் சோறாக மாறியது. அதைத் தெரிந்துகொண்டுதான் நாம் பேச வேண்டும். ஆனால் அந்தத் தகப்பனின் கணக்கில் நான் ஏற்காத ஒன்று இருக்கிறது. அந்த அறையில் அறை வாங்கியபோது பையன் கற்றுக்கொண்டது என்ன? கேட்ட கேள்வி சரியானது என்று அப்பாவுக்கும் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரிந்தே அடி விழுந்தது. இதற்குப் பிறகு எவரையும் மதிக்கமாட்டான் என்றால் அதற்கு செல்போனைக் காரணம் காட்டலாமா?

பையன் இப்போது படிப்பகத்துக்கு வருகிறான், பேசுவது குறைந்துவிட்டது. மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவதாக அவன் நண்பன் சொன்னான். கோயம்புத்தூரில் 140, 150 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிறுவன் செய்ததைத்தான் இவனும் செய்கிறான். சீனிவாசனின் அந்த நூலை அவனுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறேன். படித்தானா என்று இன்னும் கேட்கவில்லை.

கழிப்பறை விஷயத்தை நாங்கள் விடவில்லை. பையனின் பெயரைச் சேர்க்காமல், காலனியின் பெயரில் மனு கொடுத்தோம். இப்போது அந்த வேலைக்குத் தூய்மைப் பணியாளர் வருகிறார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவருக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, கையுறையும் காலணியும் தருகிறார்களா என்பது அடுத்த மனு.

இங்கே வந்திருக்கிற மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்க வேண்டும். ஆண்டே என்று கூப்பிட்டுப் பழகிய தலைமுறையில் மிகச் சிலர்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தாத்தாவிடமும் பாட்டியிடமும் உட்கார்ந்து கேளுங்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள், நீங்கள் அவர்களை எப்படிக் கூப்பிட்டீர்கள், முதன்முதலில் செருப்புப் போட்டு அந்தத் தெருவில் நடந்தது யார், அவருக்கு என்ன நடந்தது? கையில் இருக்கிற அந்தப் போனிலேயே பதிவு செய்யுங்கள். பெண்பிள்ளைகள் கேட்டால் பாட்டிகள் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொல்வார்கள். ஊர், ஆண்டு, சொன்னவர் வயது மூன்றையும் குறித்து மன்றத்துக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த செப்டம்பருக்குள் ஐம்பது பேர் சொன்னது சேர்ந்தால், அடுத்த நினைவு நாளில் என்னைப் போன்ற ஒருவர் மேடையேறிப் பேசத் தேவையிருக்காது. அவற்றைப் போட்டுக் கேட்போம்.

ஜெய்பீம்.